பந்து வீச்சாளரின் தோளும் மின்கருவி வைத்தியமும்

ஒரு கிரிக்கெட் பந்தின் நிறை 156 கிராமுக்கும் 163 கிராமுக்கும் இடைப்பட்டது. மூன்று எலுமிச்சம்பழங்களின் எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். இத்தனை சிறிய பொருளை வீசியதனால், நல்ல உடற்கட்டுள்ள ஓர் இளைஞனுக்குத் தோள் வலியெடுத்து, நாளடைவில் இறுகி, சட்டையைக் கழற்றவும் தலையை வாரிக்கொள்ளவும்கூடக் கை எழாமற் போகிறதே, ஏன்?

இந்தக் கேள்விக்கு நம்மிடையே ஒரு விடை வழங்கி வருகிறது. அது மூன்றே வாக்கியங்களால் ஆனது. ‘உள்ளே எலும்பு உரசுகிறது. பத்து நாள் கருவி வைத்தால் கரைந்துவிடும். அதுவரை கைக்கு முழு ஓய்வு கொடு.’ ஆட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் இதையே சொல்லிக்கொள்கிறார்கள். பெற்றோரும் இதையே நம்பிப் பணம் செலவழிக்கிறார்கள். பத்து நாள் கழிகிறது. வலி குறைகிறது. பையன் மைதானத்துக்குத் திரும்பி ஆறு ஓவர் வீசுகிறான். வலியும் திரும்பிவிடுகிறது. மறுபடியும் பத்து நாள் கருவி. இப்படியே ஓர் ஆட்டப் பருவம் முடிந்துவிடுகிறது. சிலருக்கு ஆட்டமே முடிந்துவிடுகிறது.

அந்த மூன்று வாக்கியங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. பிசியோதெரபி எனப்படும் இயன்முறை மருத்துவத்தைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அந்த மருத்துவத்தில் எளிதாக விற்பனையாகும் பகுதி ஒன்று உண்டு. உழைப்பைக் கேட்கும் பகுதி ஒன்றும் உண்டு. இவ்விரண்டில் எது பந்து வீச்சாளருக்குப் பயன் தருகிறது என்பதை நீங்களே தீர்மானிக்க வேண்டும். அதற்குக் கொஞ்சம் பௌதிகம் போதும்.

தோள் தாங்கும் சுமை

முதலில் ஒரு தோராயக் கணக்கு போடுவோம். 60 கிலோகிராம் நிறையுள்ள ஒரு கல்லூரி மாணவர் மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது வினாடிக்கு 30 மீட்டர் வேகத்தில், பந்து வீசுகிறார். இந்த வேகம் முழுவதையும் கை ஒன்றே தருவதில்லை. ஓட்டமும் உடலின் திருப்பமும் சேர்ந்து வினாடிக்கு 10 மீட்டர் தந்துவிட்டன என்று கொள்வோம். எஞ்சிய 20 மீட்டர் தோளை மையமாகக் கொண்டு சுழலும் கையினால் வருவது. தோளிலிருந்து விரல்வரை 0.75 மீட்டர் என்றால், கையின் கோணத் திசைவேகம் வினாடிக்கு ஏறத்தாழ 27 ரேடியன். இதே வேகத்தில் கை தொடர்ந்து சுழலுமானால், ஒரு வினாடியில் நான்கு முழுச் சுற்றுகளுக்கு மேல் போய்விடும்!

வட்டப் பாதையில் செல்லும் பொருளுக்கு மையநோக்கு விசை வேண்டும் என்று பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். பந்துக்கு மட்டும் வேண்டிய விசை 85 நியூட்டன். ஆனால் சுழல்வது பந்து மட்டுமா? கையும் சேர்ந்தல்லவா சுழல்கிறது! ஒரு கையின் நிறை உடல் நிறையில் சுமார் இருபதில் ஒரு பங்கு. நம் மாணவருக்கு அது 3 கிலோகிராம். அதன் நிறை மையம் தோளிலிருந்து 0.3 மீட்டர் தொலைவில் இருக்கிறது என்று கொண்டால், கையைப் பிடித்து வைக்க 640 நியூட்டன் தேவை. இரண்டையும் கூட்டினால் 725 நியூட்டன். அந்த மாணவரின் உடல் எடையோ 588 நியூட்டன்தான். ஆகவே, பந்தை விடும் கணத்தில், தம் உடல் எடையைப் போல் ஒன்றேகால் மடங்கு விசை அவருடைய கையைத் தோளிலிருந்து பிடுங்கி எறியப் பார்க்கிறது எனலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பறந்து செல்லும் பந்தின் இயக்க ஆற்றல் 72 ஜூல். பந்து போன பிறகும் கை சுழன்றுகொண்டேயிருக்கிறது. மேற்சொன்ன அளவுகளையே வைத்துக் கணக்கிட்டால், தோளைப் பொறுத்து அந்தக் கையில் மிஞ்சியிருக்கும் ஆற்றல் 140 ஜூலுக்கு அருகில் வருகிறது. பந்து கொண்டுபோனதைப்போல் இரு மடங்கு! இதைக் கால் வினாடிக்குள் அடக்கி நிறுத்த வேண்டியவை தோளின் பின்புறத் தசைகள். பந்தை விரைவுபடுத்துவதைவிடக் கையை நிறுத்துவதே அவற்றுக்குப் பெரும்பாடு.

இவ்வளவையும் தாங்கும் மூட்டின் அமைப்பைப் பாருங்கள். தோள் ஒரு பந்துக்கிண்ண மூட்டு என்று பாடநூலில் படிக்கிறோம். ஆனால் அந்தக் கிண்ணம் ஆழமற்றது. மேற்கை எலும்பின் உருண்டைத் தலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான பரப்பே எந்நேரமும் கிண்ணத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு தேக்கரண்டியின் மேல் எலுமிச்சம்பழத்தை வைத்ததைப் போன்ற நிலை. இடுப்பு மூட்டைப்போல் ஆழமான கிண்ணம் இருந்திருந்தால் தோள் உறுதியாக இருந்திருக்கும். ஆனால் கை இப்படி வட்டமடித்திருக்காது. உறுதியை விட்டுக்கொடுத்து அசைவைப் பெற்ற மூட்டு இது. விட்டுக்கொடுத்த உறுதியை ஈடுசெய்பவை, எலும்பின் தலையைச் சுற்றிப் பட்டிபோல் பற்றியிருக்கும் நான்கு சுழற்றும் தசைகளும் அவற்றின் தசைநாண்களும் ஆகும். அவற்றுக்கு அடித்தளமாக இருப்பது முதுகில் வழுக்கி நகரும் தோள்பட்டை எலும்பு. அதை நிலைநிறுத்துபவையும் தசைகளே.

ஆகவே நம் அளவுகோல் கிடைத்துவிட்டது. ஒரு நாளில் பத்து ஓவர் வீசுபவர் 725 நியூட்டன் விசையை அறுபது முறை தாங்க வேண்டும். எந்தச் சிகிச்சையைப் பற்றியும் நாம் கேட்க வேண்டிய கேள்வி: இது அந்தத் தாங்கும் திறனைக் கூட்டுகிறதா?

எலும்பு உரசுகிறதா?

முதல் வாக்கியத்துக்கு வருவோம். இதற்கு ஒரு மதிப்புக்குரிய வரலாறு உண்டு. 1972ஆம் ஆண்டில் சார்ல்ஸ் நியர் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். தோளின் உச்சியில் கூரைபோல் நீண்டிருக்கும் எலும்பு முனை, கையைத் தூக்கும்போது அடியிலுள்ள தசைநாணை நசுக்குகிறது. நாளடைவில் நாண் நைந்துவிடுகிறது. எலும்பின் அடிப்பக்கத்தைச் சிறிது செதுக்கிவிட்டால் வலி தீரும் என்பது அவர் கருத்து. கயிறு கல்லில் உரசினால் தேயும் என்பது யாவரும் அறிந்ததுதானே! விளக்கம் உடனே பற்றிக்கொண்டது. உலகெங்கும் ஆயிரக்கணக்கானோருக்கு எலும்பு செதுக்கப்பட்டது. பலருக்கு வலியும் குறைந்தது.

ஆனால் வலி குறைந்ததற்குக் காரணம் செதுக்கியதுதானா? அதை அறிய ஒரே வழிதான் உண்டு: ஒரு சாராருக்குச் செதுக்கியும், மற்றொரு சாராருக்குக் கீறித் துளைவழியே பார்த்துவிட்டு எதையும் செதுக்காமல் தைத்தும் ஒப்பிட வேண்டும். பிரிட்டனில் 32 மருத்துவமனைகளில் 313 நோயாளிகளைக் கொண்டு இத்தகைய ஆய்வு நடந்து, 2018இல் முடிவு வெளியாயிற்று. செதுக்கியவர்களுக்கும் செதுக்காதவர்களுக்கும் பயனில் வேறுபாடு இல்லை! அதே ஆண்டில் பின்லாந்திலிருந்து வந்த ஆய்வும் ஏறத்தாழ இதையே சொல்லிற்று.

இந்த ஆய்வுகளில் பங்கு பெற்றோர் பெரும்பாலும் நடுவயதினர். பந்து வீச்சாளர்கள் அல்லர். ஆகையால் முடிவை அப்படியே இளைஞர் தோளுக்குப் பொருத்திவிடக் கூடாது. ஆனால் ‘எலும்பு உரசுகிறது, அதனால் வலிக்கிறது’ என்ற சங்கிலியின் கண்ணி நாம் நினைத்த அளவுக்கு வலுவானதன்று என்பது புலனாகிறது.

எம்.ஆர்.ஐ. படத்தைக் காட்டி ‘இதோ கிழிசல்’ என்று சொல்வதிலும் இதே எச்சரிக்கை வேண்டும். தலைக்கு மேல் கையோங்கி ஆடும் டென்னிஸ், பேஸ்பால் வீரர்கள் இருபது பேரை, தோளில் வலியே இல்லாதவர்களாகத் தேர்ந்து, படம் எடுத்தனர். 2003இல் வெளியான அந்த ஆய்வில், எட்டுப் பேருக்கு ஆடும் கையின் தசைநாணில் முழுதாகவோ பகுதியாகவோ கிழிசல் காணப்பட்டது. மற்றக் கையில் ஒருவருக்கும் இல்லை. ஐந்தாண்டுகள் கழித்து விசாரித்தபோதும் அவர்களுக்குத் தொல்லை எதுவும் வந்திருக்கவில்லை. ஆக, படத்தில் தெரிவதெல்லாம் வலியின் காரணம் ஆகிவிடாது. உழைத்த கையில் உழைப்பின் தழும்பு இருக்கத்தான் செய்யும். கழனியில் உழைத்தவர் உள்ளங்கைக் காய்ப்பை நாம் நோய் என்றா சொல்கிறோம்?

கருவி எதைக் கரைக்கிறது?

இரண்டாவது வாக்கியந்தான் பௌதிக மாணவர்களுக்கு மிகவும் சுவையானது. ‘கருவி’ என்று பொதுவாகச் சொன்னாலும், வழக்கத்தில் இருப்பவை இரண்டு மூன்று வகைகள்.

முதலாவது மீயொலிக் கருவி. இதை ‘அல்ட்ராசவுண்ட் வைப்பது’ என்பார்கள். வினாடிக்குப் பத்து லட்சம் அல்லது முப்பது லட்சம் அதிர்வுகள் கொண்ட, காதுக்குக் கேளாத ஒலி இது. உடலின் மென்திசுவில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 1540 மீட்டர். ஆகவே பத்து லட்சம் அதிர்வெண்ணுக்கு அலைநீளம் ஒன்றரை மில்லிமீட்டர்தான். காற்றுக்கும் தோலுக்கும் இடையே இந்த அலை ஏறக்குறைய முழுவதும் எதிரொளிக்கப்பட்டுவிடும். அதனால்தான் கூழ்போன்ற ஒரு பொருளைத் தடவி, இடையிலுள்ள காற்றை நீக்குகிறார்கள். அதிர்வெண் கூடக் கூட அலை மேற்பரப்பிலேயே உட்கவரப்படும். இவையெல்லாம் ஐயத்துக்கு இடமில்லாத அறிவியல்.

ஆனால் அந்த அலை உள்ளே போய் எதைச் செய்கிறது? மீண்டும் கணக்கு போடுவோம். கருவியின் முகப்பு 5 சதுர சென்டிமீட்டர். செறிவு சதுர சென்டிமீட்டருக்கு 1 வாட். நேரம் 5 நிமிடம். மொத்த ஆற்றல் 5 வாட் பெருக்கல் 300 வினாடி, அதாவது 1500 ஜூல். இந்த ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாறி, சிறிதும் வீணாகாவிட்டால், அரை டம்ளர் நீரை, அதாவது 100 கிராம் நீரை, மூன்றரை டிகிரி செல்சியஸ் சூடேற்றும். துடிப்பு முறையில் ஐந்தில் ஒரு பங்கு நேரமே அலையை விட்டால், முக்கால் டிகிரிகூடத் தேறாது. உயிருள்ள உடலில் இரத்த ஓட்டம் அந்த வெப்பத்தையும் அள்ளிக்கொண்டு போகிறது. கருவியை ஓரிடத்தில் நிறுத்தாமல் தேய்த்துக்கொண்டே இருப்பதால், அது பரவியும் விடுகிறது. இந்தச் சிறு வெதுவெதுப்பைக் கொண்டு 725 நியூட்டனைத் தாங்கும் நாணை எப்படி வலுப்படுத்துவது?

வெப்பத்தைத் தவிர நுண்குமிழிகள், அலையோட்டம் முதலிய வேறு விளைவுகளும் உண்டு என்று சொல்வார்கள். சோதனைக் குழாயில் அவை உண்மையே. நோயாளியின் தோளில் அவற்றால் நன்மை விளைகிறதா என்பதுதான் கேள்வி. 2001இல் இரு ஆய்வாளர்கள், வலிக்கும் மென்திசுக் காயங்களுக்கும் மீயொலியைப் பயன்படுத்திய 35 சோதனைகளைத் திரட்டி அலசினர். அவற்றுள் முறையாக நடத்தப்பட்டவை என்று ஏற்கத்தக்கவை 10. அந்தப் பத்தில் எட்டு, பாசாங்குச் சிகிச்சையைவிட மீயொலி மேலானதன்று என்றே காட்டின.

நேர்மையாகச் சொல்வதானால், மறுபக்கமும் உண்டு. தசைநாணில் சுண்ணாம்புப் படிவு ஏற்பட்டவர்களுக்கு வியன்னாவில் 24 முறை மீயொலி செலுத்திப் பார்த்தனர். 1999இல் வெளியான அந்த ஆய்வில், படிவு கரைவது பாசாங்குக் குழுவினரைவிடக் கூடுதலாக இருந்தது. வலியும் தொடக்கத்தில் நன்கு குறைந்தது. ஆனால் ஒன்பது மாதங்கள் கழித்து, வலியைப் பொறுத்தவரை இரு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ‘கரைந்துவிடும்’ என்ற சொல் பொருந்தும் இடம் இது ஒன்றுதான். பந்து வீசும் இளைஞருள் பெரும்பாலோர் தோளில் கரைவதற்கு அப்படி எதுவும் இல்லை.

இரண்டாவது கருவி, ஐ.எஃப்.டி. என்று சுருக்கிச் சொல்லப்படுவது. 4000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒரு மின்னோட்டம், 4100 ஹெர்ட்ஸில் மற்றொன்று. இரண்டும் தோளில் குறுக்கிடும்போது 100 ஹெர்ட்ஸ் விம்மல் உண்டாகிறது. இரண்டு இசைக்கவைகளைச் சேர்த்து ஒலிக்கச் செய்து வகுப்பில் கேட்கிறோமே, அதே விம்மல்தான். அந்தத் துடிப்பு உணர்வு நரம்புகளைக் கிளறி, வலிச் செய்தி மூளைக்குச் செல்வதைத் தற்காலிகமாக மட்டுப்படுத்தலாம். மெல்சாக், வால் என்னும் இருவர் 1965இல் வெளியிட்ட ‘வாயில்’ கோட்பாடு இதற்கு ஆதாரமாகச் சொல்லப்படுகிறது. இடித்துக்கொண்ட முழங்கையைத் தேய்த்துவிட்டால் நோவு தணிகிறதல்லவா? அந்த அளவில் இது ஏற்கத்தக்கதே. ஆனால் அழைப்பு மணியின் கம்பியைக் கழற்றிவிட்டால் வாசலில் நிற்பவர் போய்விட்டார் என்று பொருளாகுமா?

மூன்றாவது, சிற்றலை வெப்பக் கருவி. 27.12 மெகா ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் மின்காந்தப் புலத்தைச் செலுத்தித் திசுவை ஆழமாகச் சூடேற்றுவது. சூடு இதமளிக்கும், இறுகிய தசை சற்றே தளரும், அதன்பின் உடற்பயிற்சி செய்வது எளிதாகலாம். ‘அதன்பின்’ என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். சூடு ஒரு முன்னுரை, நூல் அன்று. முன்னுரையோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவதே நாம் இங்கே குறைகூறும் வழக்கம்.

விசையை அழுத்தாத கருவி

‘எனக்கு வைத்தார்கள், குணமாயிற்றே!’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆஸ்திரேலியாவில் நடந்த ஓர் ஆய்வு இதற்கு விடை தருகிறது. நாட்பட்ட தோள்வலி உடைய 120 பேரை இரு குழுவாகப் பிரித்தனர். ஒரு குழுவினருக்குக் கைச்சிகிச்சையும் உடற்பயிற்சியும். மற்றக் குழுவினருக்கு, இயங்காத மீயொலிக் கருவியைத் தோளில் தேய்த்து, மருந்தில்லாத கூழையும் தடவினர். பத்து வாரம் இது நடந்தது. பதினோராம் வாரத்தில் அளந்தபோது, இரு குழுவினரும் ஏறத்தாழ ஒரே அளவு தேறியிருந்தனர்! இது 2010இல் வெளியாயிற்று.

இயங்காத கருவிக்கு இத்தனை சக்தி எங்கிருந்து வந்தது? பல தோள்வலிகள் காலப்போக்கில் தாமாகவே தணிகின்றன. வலி மிகுந்திருக்கும்போதே சிகிச்சைக்குப் போகிறோம். அதன்பின் அது குறைவதே இயல்பு. போதாததற்கு, ஒருவர் அக்கறையோடு தொட்டுக் கவனிக்கிறார், ஒரு விளக்கு எரிகிறது, நம்பிக்கை பிறக்கிறது. கருவியின் பெயரில் எழுதப்படும் வரவில் பெரும்பங்கு இவற்றுக்கு உரியது.

இந்த ஆய்வு உடற்பயிற்சியின் பக்கம் நிற்பவர்களையும் குத்துகிறது என்பதை மறைக்கக் கூடாது. பதினோரு வாரத்தில் பயிற்சியும் பாசாங்கும் சமமாகவே இருந்தன. ஆனால் கதை அங்கே முடியவில்லை. 22ஆம் வாரத்தில் மறுபடி அளந்தபோது, தோளின் வலியையும் செயலையும் சேர்த்து மதிப்பிடும் அளவையில் பயிற்சிக் குழு முந்தியிருந்தது. முந்தியது பெருந்தொலைவு அன்று. எனினும் பாடம் தெளிவு: வலி தணிவது விரைவில் நடக்கலாம்; திறன் கூடுவது மெதுவாகவே நடக்கும். பத்து நாள் கணக்கில் இரண்டையும் அளப்பது தவறு.

ஓய்வு என்னும் மருந்து

மூன்றாவது வாக்கியம், ‘முழு ஓய்வு கொடு’. வலி கடுமையாக இருக்கும் சில நாட்களுக்குப் பந்து வீசுவதை நிறுத்துவது சரியே. ஆனால் வாரக்கணக்கில் கையை அசைக்காமல் வைத்திருப்பது வேறு. தசையும் தசைநாணும் உயிருள்ள பொருள்கள். சுமையைத் தாங்கத் தாங்க வலுக்கூடும்; சுமையே இல்லாவிட்டால் வலுக் குறையும். இரும்புக் கம்பிக்கு ஓய்வு தந்தால் அது அப்படியே இருக்கும். தசைநாண் அப்படி இராது. நான்கு வாரம் சும்மா இருந்த தோள், வலியற்ற தோளாக இருக்கலாம்; ஆனால் முன்னைவிட நலிந்த தோள். அதனிடம் முன்போலவே அறுபது பந்துகள் கேட்டால் என்ன ஆகும்?

திடீர்ச் சுமை எத்தகைய தொல்லை தரும் என்பதற்கு ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர்களைப் பற்றி 2009இல் வெளியான ஆய்வு சான்று. ஒரே ஆட்டத்தில் 50 ஓவருக்கு மேல் வீசியவர்களுக்கு, அடுத்த மூன்று வாரங்களில் காயம் ஏற்படும் வாய்ப்புக் கூடியிருந்தது. அந்தக் கணக்கில் எல்லா வகைக் காயங்களும் அடங்கும், தோள் மட்டுமன்று. ஆனாலும் சுமைக்கும் தண்டனைக்கும் இடையே உள்ள இந்தக் காலத்தாழ்வைக் கவனியுங்கள். ‘நேற்று ஒன்றும் செய்யவில்லையே, இன்று ஏன் வலிக்கிறது?’ என்று கேட்கும் வீரர், மூன்று வாரம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். பந்து வீச்சோடு, எல்லைக்கோட்டிலிருந்து எறிந்த எறிகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எல்லா இறுக்கமும் இறுக்கந்தானா?

இனி, இறுக்கத்தைப் பற்றி ஒரு சொல். தோள் இறுகியிருக்கிறது என்றவுடன் பிடித்து இழுத்து நீட்டும் வழக்கமும் பெருகியிருக்கிறது. இதன் பெரும்பகுதி அமெரிக்கப் பேஸ்பால் ஆட்டத்திலிருந்து வந்தது. பேஸ்பாலில் முழங்கையை மடக்கி எறிகிறார்கள். கிரிக்கெட்டிலோ, வீசும்போது முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாது என்பது விதி. இரண்டிலும் தோளின் மேல் விழும் விசைகள் ஒன்றல்ல. எனவே அங்கே கண்டதை இங்கே ஒட்டவைக்குமுன் யோசிக்க வேண்டும்.

அங்கேயே ஒரு வியப்பான செய்தி கிடைத்தது. எறிபவரின் தோள் வெளிப்புறமாகக் கூடுதலாகவும், உட்புறமாகக் குறைவாகவும் திரும்பும். உட்புறக் குறைவைப் பார்த்து ‘இறுக்கம்’ என்றார்கள். ஆனால் 2002இல் எலும்பையே படமெடுத்து அளந்தபோது, எறியும் கையின் மேற்கை எலும்பு மற்றக் கையினுடையதைவிடச் சராசரி 17 டிகிரி கூடுதலாகப் பின்னோக்கி முறுக்கியிருந்தது. வளரும் பருவத்திலேயே எறிந்து எறிந்து எலும்பு அந்த வடிவைப் பெற்றிருக்க வேண்டும். எலும்பின் முறுக்கை இழுத்து நீட்டிச் சரிசெய்ய முடியுமா? ஆகவே உட்புற, வெளிப்புறத் திருப்பங்களின் கூட்டுத்தொகையை இரு கைகளிலும் அளந்து ஒப்பிட வேண்டும். கூட்டுத்தொகை சமமாக இருந்தால் அது பெரும்பாலும் தொழிலுக்கேற்ற மாற்றமே. கூட்டுத்தொகையே குறைந்திருந்தால்தான் தசையோ மூட்டு உறையோ இறுகியிருக்கிறது என்று கருதி, நீட்டும் பயிற்சியைத் தொடங்குவது பொருந்தும். ஒரு கோணமானி இருந்தால் ஐந்து நிமிடத்தில் முடியும் இந்த அளவைச் செய்யாமல், ஐந்து வாரம் இழுப்பது என்ன நியாயம்?

அப்படியானால் எது பயன்?

உழைப்பைக் கேட்கும் பகுதி இதுதான்: தோளைப் படிப்படியாகச் சுமைக்குப் பழக்குதல். பழைய சைக்கிள் டியூபை ஜன்னல் கம்பியில் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, முன்கையை வெளிப்புறமாக இழுத்து மெதுவாகத் திரும்ப விடுவது ஒன்று. இழுக்கும்போது சுழற்றும் தசைகள் சுருங்கி வேலை செய்கின்றன. மெதுவாக விடும்போது நீண்டுகொண்டே தாங்குகின்றன. பந்தை விட்டபின் கையை நிறுத்துவது இந்த இரண்டாவது வேலையேயன்றோ! குப்புறப் படுத்துக் கையைப் பக்கவாட்டில் தூக்குதல், தண்டால் எடுத்து முடியும் இடத்தில் தோள்பட்டைகளை இன்னும் சற்று முன்னே தள்ளுதல் ஆகியவை தோள்பட்டை எலும்பை நிலைநிறுத்தும் தசைகளுக்கு உரியவை. கால், இடுப்பு, வயிற்றுத் தசைகளையும் விடக் கூடாது. நம் கணக்கில் ஓட்டமும் உடலும் வினாடிக்கு 10 மீட்டர் தந்தன. அவை 8 மீட்டரே தந்தால், குறைந்த 2 மீட்டரையும் தோள் ஈடுகட்ட வேண்டும். வேகம் 20இலிருந்து 22 ஆனால், மையநோக்கு விசை இருபத்தொரு விழுக்காடு கூடிவிடும். வேகத்தின் இருமடியைப் பொறுத்ததல்லவா விசை!

இத்தகைய பயிற்சிக்குச் சான்று உண்டா? நார்வேயில் 660 முன்னணிக் கைப்பந்தாட்ட வீரர், வீராங்கனையரிடம், அதாவது கையால் எறிந்து கோல் போடும் ஆட்டக்காரரிடம், ஒரு பருவம் முழுவதும் சோதித்தனர். வாரம் மூன்று முறை, பத்து நிமிடம், ஆட்டத்துக்கு முன் உடலைச் சூடேற்றும் நேரத்திலேயே தோள் பயிற்சி. தோள் தொல்லை ஏற்படும் வாய்ப்பு 28 விழுக்காடு குறைந்தது. 2017இல் வெளியான முடிவு இது. கிரிக்கெட் அன்று என்றாலும், எறியும் தோள்தான். இதற்கு ஆன மின்செலவு ஒன்றுமில்லை.

திரும்ப வீசத் தொடங்குவதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. எடுத்துக்காட்டாக, முதல் நாள் குறைந்த ஓட்டத்தில், பாதி வேகத்தில் 12 பந்துகள், ஒரு நாள் இடைவெளி, தோள் மறுநாள் காலை மோசமாகாவிட்டால் 18, பிறகு 24. வேகத்தையும் எண்ணிக்கையையும் ஒரே நாளில் கூட்டக் கூடாது. எவ்வளவு, எப்போது என்பதைத் தேர்ந்த இயன்முறை மருத்துவர் தோளைச் சோதித்துச் சொல்ல வேண்டும். அவருடைய உண்மையான திறமை இங்கேதான் வெளிப்படுகிறது. கருவியின் திருகைத் திருப்புவதில் அன்று.

பெரிய வீரர்கள் வாழ்க்கையும் இந்தப் பொறுமையையே காட்டுகிறது. ஷேன் வார்ன் 1998இல் தோளில் அறுவை செய்துகொண்டார். மறுபடி டெஸ்ட் ஆட வந்தது 1999 ஜனவரியில். கண்டியைச் சேர்ந்த முத்தையா முரளிதரன் 2004இல் தோள் அறுவைக்கு உட்பட்டு, அடுத்த ஆண்டே ஆட்டத்துக்குத் திரும்பினார். டேல் ஸ்டெயின் 2016 நவம்பரில் பெர்த் மைதானத்தில் வீசிக்கொண்டிருக்கும்போதே தோள் எலும்பு முறிந்து, ஓராண்டுக்கும் மேல் டெஸ்ட் ஆடவில்லை. உலகின் சிறந்த மருத்துவ வசதி வாய்த்தவர்களுக்கே மாதங்கள் தேவைப்பட்டன. நமக்குப் பத்து நாளில் முடியும் என்று யாராவது சொன்னால் ஐயுற வேண்டாமா? அதே வார்ன் 708 விக்கெட்டுகளோடும், முரளிதரன் 800 விக்கெட்டுகளோடும் ஓய்வு பெற்றார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். பொறுத்த தோள் திரும்ப வரும்.

தாமதிக்கக் கூடாத நேரங்கள்

பயிற்சியைப் புகழ்ந்தோம் என்பதற்காக எல்லா வலிக்கும் சைக்கிள் டியூபைத் தேடாதீர்கள். தோள் நழுவியதுபோல் உணர்ந்தாலும், திடீரென்று கையைத் தூக்கவே முடியாமற் போனாலும், விரல்களில் மரத்துப்போதல், கை வீங்கி நிறம் மாறுதல், காய்ச்சலோடு வலி, தூக்கத்தைக் கெடுக்கும் ஓயாத வலி ஆகியவை இருந்தாலும் முதலில் மருத்துவரிடம் செல்ல வேண்டும். பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களின் மேற்கை எலும்பில் தலைக்கு அருகே வளர்ச்சித் தட்டு இன்னும் மூடியிராது. மிகையாக வீசினால் அது பாதிக்கப்படும். வலிக்கும் தோளோடு ஒரு சிறுவனை வீசச் செய்வதும், சோதிக்காமல் அவன் தோளில் மீயொலி வைப்பதும் இரண்டுமே தவறு.

வாசகர்களே, அடுத்த முறை உங்களுக்கோ உங்கள் தம்பிக்கோ தோள் வலித்து, ஒரு சிகிச்சை சொல்லப்படும்போது, மரியாதையோடு மூன்று கேள்விகள் கேளுங்கள். என் தோளின் வலுவையும் திருப்பக் கோணங்களையும் அளந்தீர்களா? இந்தச் சிகிச்சை வலியைக் குறைப்பதற்கா, தாங்கும் திறனைக் கூட்டுவதற்கா? நான் வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சி என்ன, அதை எப்போது கடினமாக்க வேண்டும்? நல்ல இயன்முறை மருத்துவர் இந்தக் கேள்விகளுக்கு மகிழ்ச்சியோடு விடை சொல்வார். விடைக்குப் பதிலாகக் கருவியின் விலையையும் அது எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதையும் ஒருவர் சொன்னால், உங்கள் தோளை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிடலாம்.